காலையில் கண் முகாம், மாலையில் ஒகேனக்கல்: வெளிநாட்டுக் குழுவை ஒருநாள் அழைத்துப் போகிறவர்களுக்கு

சபை வழியாகவோ கல்லூரி வழியாகவோ வெளிநாட்டிலிருந்து தொண்டுக்கு வரும் குழுக்கள் தருமபுரிக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒரே ஒரு நாள். காலையில் ஏதாவது ஒரு கிராமத்தில் வேலை, மதியத்துக்கு மேல் ஒகேனக்கல். இந்த ஏற்பாட்டில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அருவி எப்படியும் அழகாக இருந்துவிடும், கிராமம் அப்படி இல்லை. காலைப் பாதிக்கு மூன்று வாரம் முன்பே உள்ளூர்க்காரர்கள் வேலை செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் அன்று நடப்பது இரண்டு சுற்றுலா: ஒன்று அருவிக்கு, இன்னொன்று ஏழை வீடுகளுக்கு.

குழு 12 பேருக்கு மேல் வேண்டாம். ஒரு டெம்போ டிராவலரில் 12 பேர், உள்ளூர் ஆட்கள் மூன்று பேர், சாமான் பெட்டிகள் இவ்வளவுதான் அடங்கும். இரண்டாவது வண்டி எடுத்தால் ஒன்று வழி தவறும், இன்னொன்று டீக்கடையில் காத்திருக்கும். முதல் நாள் இரவே அவர்கள் தருமபுரிக்கு வந்து படுத்துவிட வேண்டும். பெங்களூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருகிறோம் என்பார்கள். அத்திப்பள்ளியிலும் ஓசூரிலும் மாட்டி, கிருஷ்ணகிரி டோலைத் தாண்டும்போதே பொழுது பதினொன்றாகிவிடும். காத்திருந்த ஆயாக்கள் மாட்டை அவிழ்க்கப் போயிருப்பார்கள்.

காகித வேலை

சுற்றுலா இ-விசாவில் சம்பளமோ கைமாறோ இல்லாத குறுகிய காலத் தொண்டு, ஒரு மாதத்துக்கு மிகாமல், செய்யலாம். மதப் பிரசாரம் செய்யக் கூடாது. அதற்கு மிஷனரி விசா தனியாக இருக்கிறது. அதனால் ஜெபம் சபையில் முடியட்டும். முகாம் நடக்கும் பள்ளி வளாகத்தில் ஜெபமும் துண்டுப் பிரசுரமும் வேண்டாம். விசா ஒரு பக்கம் இருக்கட்டும், கண்ணாடி வாங்க நிற்கிற ஆயாவிடம் “கண்ணை மூடுங்க” என்று சொல்லி ஜெபிப்பது மரியாதையும் இல்லை. தங்கும் இடம் லாட்ஜானாலும் சபை விருந்தினர் அறையானாலும், வெளிநாட்டவர் தங்கியிருக்கும் தகவலை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். ‘சி ஃபார்ம்’ என்று லாட்ஜ்காரர்கள் சொல்வது இதைத்தான். சபை வீடுகளில் தங்கவைக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கேள்வி வந்தால் வந்தவரைவிட வீட்டுக்காரருக்குத்தான் அலைச்சல்.

குழுவில் டாக்டரோ பல் டாக்டரோ இருந்தாலும், தேசிய மருத்துவ ஆணையத்திடமோ உரிய கவுன்சிலிடமோ தற்காலிக அனுமதி இல்லாமல் இங்கே யாருக்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது. சூட்கேஸில் கொண்டுவந்த மாத்திரைகளை எடுக்கவே வேண்டாம் என்று முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள். நன்கொடை விஷயமும் அப்படித்தான். வெளிநாட்டுக் குடிமகன் ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புக் கணக்கில்தான் வரும். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்புதான் அதை வாங்கலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கு வழியாக. கிளம்பும்போது உணர்ச்சிவசப்பட்டு உறையை நீட்டுவார்கள். கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆடிட்டரைக் கேளுங்கள். பொருளாகக் கொடுத்தாலும் அவரைக் கேட்டுவிடுவது நல்லது. இன்னொன்று: மலையேறுகிற பழக்கம் உள்ளவர்கள் பையில் சாட்டிலைட் போன் வைத்திருப்பார்கள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அது குற்றம். விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கிராமத்தின் கடிகாரம்

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் காலை ஆறிலிருந்து ஏழரை வரை பால் சொசைட்டி. அதன்பின் நூறு நாள் வேலை; அங்கே ஆள் நிற்கும்போது போட்டோ எடுத்து வருகை பதிகிறார்கள் என்பதால், நடுவில் எழுந்து முகாமுக்கு வா என்றால் வர முடியாது, கூலி போய்விடும். ஒன்பதேகாலுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கு. மாங்காய் சீசனில் ஊரில் பாதிப் பேர் தோப்பில். புளி சீசனில் மீதிப் பேர் திண்ணையில் புளி தட்டிக்கொண்டு. எனவே நாள் குறிக்கும் முன் பணித்தளப் பொறுப்பாளரை ஒரு வார்த்தை கேளுங்கள்: எந்த நாள் வேலை இல்லை, எந்தத் தெருவுக்கு எந்த வாரம் முறை, சந்தை என்றைக்கு. ஊர்த் திருவிழாக் காப்புக் கட்டியிருக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

அனுமதி நான்கு பேரிடம் வேண்டும்: ஊராட்சித் தலைவர், பள்ளித் தலைமை ஆசிரியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர், ஊர்ப் பெரியவர்கள். இதில் மருத்துவ அலுவலரிடம் முதலில் போங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு பி.பி., யார் மாத்திரை சாப்பிடாமல் விட்டுவிட்டார்கள் என்ற நோட்டு நர்சம்மாவிடமும் அந்தத் திட்டப் பணியாளரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. நாம் போய் மறுபடியும் அதே விரல்களைக் குத்திச் சர்க்கரை பார்ப்பதில் அர்த்தம் இல்லை. தவிர, குத்திய ஊசியைத் துளைக்க முடியாத டப்பாவில் சேர்த்து மருத்துவக் கழிவாகக் கொடுக்க வேண்டும். வெயிலில் வண்டிக்குள் கிடந்த ஸ்ட்ரிப் தப்பான எண் காட்டும். “சர்க்கரை 280” என்று ஒரு வெள்ளைக்காரர் சொன்னதைக் கேட்டு ஒருவர் ஒரு வாரம் தூங்க மாட்டார். சர்க்கரையும் பி.பி.யும் அரசுப் பணியாளர் வேலை. அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

மொழி தெரியாதவருக்கு ஏற்ற வேலை: கண்

தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர் ஒழுங்காகச் செய்யக்கூடிய வேலை என்று பார்த்தால் தூரத்தில் கண் எவ்வளவு தெரிகிறது என்ற சோதனைதான். சீப்புப்போல் மூன்று பல் உள்ள எழுத்து, நான்கு பக்கமும் திரும்பியிருக்கும் அட்டை. ‘ஈ சார்ட்’ என்று கண் மருத்துவமனைகளில் சொல்வார்கள். பல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்டினால் போதும். படிக்காதவருக்கும் சரி, தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டாருக்கும் சரி, ஒரே சோதனை.

அட்டைக்கும் ஆளுக்கும் நடுவே 6 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 20 அடி. டேப் வைத்து அளந்து தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். காலடியால் அளந்தால் ஆளுக்கு ஓர் அளவு வரும். அறை சிறியதாக இருந்தால் வராந்தாவில் வையுங்கள், அல்லது 3 மீட்டருக்கு என்றே அச்சிட்ட அட்டையைக் கொண்டுவாருங்கள். 6 மீட்டர் அட்டையை 3 மீட்டரில் மாட்டினால் ஊரில் எல்லாருக்கும் நல்ல கண் என்று கணக்கு வரும். அட்டை உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் இருக்கட்டும். பின்னால் ஜன்னல் கூடாது, வெளிச்சம் அட்டை மேல் விழ வேண்டும். காலையில் சரியாக இருந்த சுவர் பதினொரு மணிக்கு வெயில் திரும்பியதும் கண்ணைக் கூசவைக்கும். மாற்றுச் சுவரை எட்டு மணிக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வலது கண். இடது கண்ணை உள்ளங்கையால் மூட வேண்டும், விரலால் மூடினால் சந்து வழியாகப் பார்வை போகும். அழுத்தி மூடினால் அந்தக் கண்ணின் முறை வரும்போது மங்கலாகத் தெரியும். சின்ன அட்டைத் துண்டு கொடுப்பது இன்னும் நல்லது. ஏற்கெனவே தூரத்தில் பார்க்கக் கண்ணாடி போடுகிறவருக்கு அதைப் போட்டபடியே பாருங்கள். வரிசையில் நிற்பவர்கள் அட்டையைப் பார்க்கும்படி நிற்கவே கூடாது. பத்துப் பேர் முடிவதற்குள் பதினோராமவர் “மேல, கீழ, இந்தப் பக்கம்” என்று மனப்பாடமாக ஒப்பிப்பார், பள்ளிப் பிள்ளைகள் சொல்லவே வேண்டாம். அட்டையை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள்.

அட்டையில் 6/18 என்று குறித்த வரியைப் படிக்க முடியாத கண்ணுக்கு ஊசித்துளை அட்டையைக் கொடுத்து மறுபடி காட்டுங்கள். துளை வழியாகத் தெளிவானால் பெரும்பாலும் கண்ணாடிப் பிரச்சினை. தெளியவில்லை என்றால் புரையோ வேறு நோயோ இருக்கலாம். இரண்டுக்கும் பரிந்துரைச் சீட்டுதான், ஆனால் சீட்டின் நிறம் வேறாக இருக்கட்டும். டார்ச் அடித்து கண்மணி வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்ப்பதைக் கண் மருத்துவ உதவியாளர் செய்ய வேண்டும். முகாமில் அப்படி ஒருவராவது இல்லையென்றால் முகாமே வேண்டாம்.

கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க உதவும் கிட்டப்பார்வைக் கண்ணாடிதான் அன்று ஊருக்குக் கையில் கிடைக்கப்போகும் பொருள். நாற்பது வயதுக்கு +1.00, நாற்பத்தைந்துக்கு +1.50, ஐம்பதுக்கு +2.00, ஐம்பத்தைந்துக்கு மேல் +2.50 என்பது தொடங்கும் இடம் மட்டும். வயதைக் கேட்டால் “எம்ஜிஆர் செத்தப்ப எனக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சு” என்றுதான் பதில் வரும். அதனால் 40 செ.மீ. தூரத்தில் பிடித்துக் காட்டி, தெளிவாகத் தெரிகிற மிகக் குறைந்த பவரைக் கொடுங்கள். எழுத்துள்ள அட்டை படிக்காதவருக்கு உதவாது. ஒரு முறத்தில் பிடி அரிசியும் நாலு கல்லும், ஓர் ஊசியும் நூலும் வைத்துக்கொள்ளுங்கள். கல் பொறுக்க முடிந்தால், நூல் கோர்க்க முடிந்தால் பவர் சரி. எந்த வேலைக்குக் கண்ணாடி என்று கேட்பதும் முக்கியம். புளியில் கொட்டை எடுக்கிறவர் மடியில் வைத்துப் பார்ப்பார், தறியோ தையல் மிஷினோ உள்ளவர் சற்றுத் தள்ளிப் பார்ப்பார். பின்னவருக்கு ஒரு படி குறைந்த பவர்தான் சுகம்.

நூறு கண்ணாடி கொண்டுபோனால் +1.00 பத்து, +1.50 இருபது, +2.00 முப்பது, +2.50 இருபத்தைந்து, +3.00 பதினைந்து என்று பிரித்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் சேகரித்த பழைய கண்ணாடிகளை மூட்டையாகக் கொண்டுவருவதை மட்டும் தடுத்துவிடுங்கள். அவை ஒவ்வொன்றும் வேறொருவர் கண்ணுக்கு வெட்டியது: இரண்டு கண்ணுக்கும் வேறு பவர், சாய்வுப் பவர், கண்ணிடைத் தூரம் எல்லாம் மாறும். ஆயிரத்தில் தேடினாலும் ஒருவருக்குப் பொருந்துவது அரிது, கொண்டுவந்த விமானச் செலவில் புதியதே வாங்கியிருக்கலாம். பிள்ளைகளுக்கு ரெடிமேடு கண்ணாடி எந்த நிலையிலும் கூடாது. அவர்களுக்குச் சொட்டு மருந்து விட்டு மருத்துவமனையில்தான் பவர் பார்க்க வேண்டும்.

ஓர் ஆளுக்கு இரண்டு கண்ணும் பார்க்க மூன்று நிமிடம் ஆகும். இரண்டு அட்டை மாட்டினால் கணக்குப்படி மணிக்கு நாற்பது பேர். பேச்சு, சிரிப்பு, செருப்புத் தேடுதல் எல்லாம் போக உண்மையில் இருபத்தைந்து. நான்கு மணி நேரத்தில் நூறு. எனவே நூறு டோக்கன் மட்டும் முதல் நாளே வீடுவீடாகப் போய்க் கொடுங்கள். மைக் கட்டிக் கூப்பிட்டால் முந்நூறு பேர் வந்து இருநூறு பேர் திட்டிக்கொண்டு திரும்புவார்கள். ஒவ்வோர் அட்டைக்கும் இருவர் (ஒருவர் சுட்டிக்காட்ட, ஒருவர் ஆளின் பக்கத்தில் கண்ணை மூடச் சொல்ல), கிட்டப்பார்வை மேசைக்கு இருவர், பிள்ளைகளோடு இருவர், தண்ணீர்ச் சோதனைக்கு இருவர், வரிசைக்கும் கணக்குக்கும் ஆளுக்கொருவர்: பன்னிரண்டு பேருக்கும் வேலை வந்துவிட்டது. பதிவு மேசையில் உள்ளூர்ப் பிள்ளைகள் இருக்கட்டும். முனியம்மா, மாரியம்மா என்று ஒரே பெயரில் ஒன்பது பேர் வருவார்கள். புருஷன் பெயர், தெரு, போன் எண் மூன்றும் எழுதாவிட்டால் அந்தச் சீட்டு வெறும் காகிதம். வருகிறவர்களுக்கு ஆறு சொல் சொல்லிக்கொடுங்கள்: தாத்தா, ஆயா, அண்ணா, அக்கா, தம்பி, பாப்பா. எழுபது வயது அம்மாவை ‘அக்கா’ என்று கூப்பிட்டாலும் ஊர் சிரித்து மன்னிக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மன்னிக்காது.

காவிப் பல்லும் போர் தண்ணியும்

இந்த ஊர்ப் பக்கம் வருகிற குழுக்கள் நல்ல மனதோடு செய்யும் பெரிய தவறு டூத் பேஸ்ட் பொட்டலம். பிள்ளைகளின் முன்பல்லில் பழுப்புக் கறையும் சுண்ணாம்புத் திட்டும் பார்த்ததும் “ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை” என்று முடிவு கட்டி, பிரஷ் பிடிக்கிற விதத்தை அபிநயத்தோடு சொல்லிக்கொடுப்பார்கள். அந்தக் கறை விளக்கினால் போகாது. அது ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடிப்பாறை கடினப் பாறை. அதில் உள்ள ஃபுளோரைடு கனிமங்கள் நிலத்தடி நீரில் கரைகின்றன. ஆழத்தில் பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீரில் அது ஏறிப்போகும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. பல் உள்ளே உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், அதற்கு மேல் குடித்தால் முளைக்கும்போதே பல் கறையோடு வரும். பல வருஷம் குடித்த பெரியவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகிவிடும். அந்தப் பிள்ளையிடம் போய் நாம் ‘சுத்தம்’ பற்றிப் பாடம் எடுப்பது எப்படியிருக்கும் என்று யோசியுங்கள்.

போதாததற்கு, கொண்டுவரும் பேஸ்டிலும் ஃபுளோரைடு இருக்கிறது. பெரியவர்களுக்கு அது சொத்தையைத் தடுக்கும். சின்னப் பிள்ளைகள் துப்பாமல் விழுங்குவார்கள், இனிப்பாக வேறு இருக்கும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயதுக்குள் பட்டாணி அளவு என்பதற்கு மேல் வைக்கக் கூடாது. எந்தப் பேஸ்ட், எந்த வயதுக்கு என்பதை இந்த மாவட்டத்துப் பல் மருத்துவரைக் கேட்காமல் விநியோகிக்க வேண்டாம்.

தண்ணீர்ச் சோதனைக்கு ஒதுக்கிய இரண்டு பேருக்கும் அதைவிட உருப்படியான வேலை இருக்கிறது. ஃபுளோரைடு சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி, ஊரில் எத்தனை இடத்தில் தண்ணீர் பிடிக்கிறார்களோ அத்தனை இடத்திலும் மாதிரி எடுப்பது. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, பிடித்து, மூடியதும் அங்கேயே எழுத வேண்டும்: எந்தக் குழாய், எந்தத் தெரு, போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணியா, ஒகேனக்கலிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணியா. வீடு போய் எழுதலாம் என்றால் பாட்டில்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். மருந்து விட்டதும் இளஞ்சிவப்பாக இருக்கும் நீர், ஃபுளோரைடு ஏற ஏற மஞ்சளுக்குப் போகும். பெட்டியில் உள்ள வண்ண அட்டையோடு நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும், வெயிலில் நிறம் ஏமாற்றும். மருந்தின் காலாவதி நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இது மேலோட்டமான சோதனைதான். மஞ்சள் வந்தால் அதை ஊர் நடுவில் அறிவிக்காமல், டேங்க் ஆபரேட்டரிடமும் ஊராட்சியிலும் சொல்லி, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பச் செய்யுங்கள்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம். காவிரித் தண்ணி குடிக்கவும் சோறு, களி, குழம்பு ஆக்கவும். போர் தண்ணி குளிக்க, துவைக்க, மாட்டுக்கு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது அடர்த்திதான் ஆகும். காவிரித் தண்ணி நாள் விட்டு வருகிற தெருவில் அது தீர்ந்ததும் உலைக்குப் போர் தண்ணியை ஊற்றுவார்கள். அங்கே மூடியும் குழாயும் வைத்த 20 லிட்டர் டிரம் ஒன்று, நூறு டூத் பேஸ்டைவிடப் பயன்படும். வந்தவர்களிடம் அதை வாங்கச் சொல்லலாம், மேலே சொன்ன ஆடிட்டர் விஷயம் சரியாக இருந்தால்.

போட்டோ, சோறு

பிள்ளைகள் முகம் தெரியும் படம் எடுக்கக் கூடாது என்று வண்டியிலேயே சொல்லுங்கள். பார்வை மங்கிய ஆயாவின் கண்ணை நெருக்கி எடுப்பதும் கூடாது. படம் வேண்டுமானால் குழுவில் ஒருவர் மட்டும் எடுக்கட்டும், கேட்டுவிட்டு. மிட்டாய் வீசுவது அறவே வேண்டாம். பொருள் எதுவானாலும் தலைமை ஆசிரியர் கையில்.

மதியச் சாப்பாட்டை ஊரிலேயே ஏற்பாடு செய்தால் கோழி அடிப்பார்கள். முன்கூட்டியே பணம் கொடுத்து, களி, கீரை, நாட்டுக்கோழிக் குழம்பு, கொஞ்சம் வெள்ளைச் சோறு என்று சொல்லிவைத்துவிடுங்கள். களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தால் ஊர்ப் பெண்களுக்கு அன்றைய முழுச் சிரிப்பும் கிடைக்கும். வீட்டு வாசலில் மோர் நீட்டினால், வயிறு பழகாதவர்கள் வேண்டாம் என்று தலையாட்டுவதைவிட டீ கேட்பது நல்லது. கொதித்தது, மரியாதையும் கெடாது.

பட்டியல்

ஒரு மணிக்குக் கடையைக் கட்டும் முன் அரை மணி நேரம் பட்டியலுக்கு ஒதுக்குங்கள். முகாமின் பலன் கொடுத்த கண்ணாடி அல்ல, இந்தப் பட்டியல்தான். புரை என்று சீட்டு வாங்கியவர் பெயர், போன், உடன் வருபவர் பெயர், சர்க்கரை உண்டா, பி.பி. உண்டா, எந்த வாரம் வர முடியும். மூன்று நகல்: நர்சம்மாவுக்கு ஒன்று, கண் மருத்துவமனைக்கு ஒன்று, உள்ளூர்ப் பொறுப்பாளருக்கு ஒன்று. வெளிநாட்டுக் குழுவுக்கு எண்ணிக்கை போதும், பெயர் வேண்டாம்.

ஆபரேஷன் இலவசம் என்றாலும் போகாமல் இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. கறவை மாட்டை யார் பார்ப்பது என்பது முதல் காரணம். சர்க்கரை இறங்காததால் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர் மறுபடி போக மாட்டார். வெயில் காலத்தில் கண்ணில் கத்தி வைக்கக் கூடாது என்ற பழைய நம்பிக்கை இன்னும் இருக்கிறது; இப்போதைய லென்ஸ் அறுவைக்குப் பருவம் பார்க்கத் தேவையில்லை. ஒரே தெருவில் மூன்று பேரைச் சேர்த்து ஒரே வண்டியில் அனுப்பினால் போய்விட்டு வருவார்கள். ஆதார், காப்பீட்டு அட்டை நகல்களை முன்பே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஆற்றுக்கு

இரண்டு மணிக்குள் வண்டி கிளம்ப வேண்டும். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர், பென்னாகரத்திலிருந்து 16. பென்னாகரம் தாண்டியதும் காடு, இறக்கம், வளைவு. பின் சீட்டில் இருப்பவர்கள் களியும் கோழியும் சாப்பிட்டிருக்கிறார்கள் என்பதை டிரைவர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். குரங்குகளுக்கு வண்டியிலிருந்து எதுவும் கொடுக்க வேண்டாம். குரங்கோ நாயோ பல் பட்டால், கீறினால்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி தொடங்க வேண்டும். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது உயிர் விளையாட்டு.

கிளம்பும் நாளன்று காலையில் பார்க்க வேண்டிய ஒரே செய்தி: பிலிகுண்டுலுவில் வினாடிக்கு எத்தனை கன அடி. மத்திய நீர்வள ஆணையம் அங்கேதான் காவிரியை அளக்கிறது. கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் திறந்தால், இங்கே மழை ஒரு துளி இல்லாவிட்டாலும் ஆறு பெருகி வரும். பொதுவாக ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்தக் கவலை அதிகம். தண்ணீர் ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலையும் குளியலையும் தடை செய்துவிடும். தடை என்றால் தடைதான். “நான் வேற பக்கமா கூட்டிட்டுப் போறேண்ணா” என்று ஒருவர் காதருகே வந்து சொல்வார், கேட்காதீர்கள். அந்த நாளில் தொங்கு பாலத்துக்கு அனுமதி இருந்தால் அதிலிருந்து பார்ப்பதோடு திரும்பிவிடலாம். இல்லையென்றால் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடம் இருக்கிறது. சிறையில் தொழுநோய் வாங்கி, அதோடும் ஊர் ஊராக நடந்து, 1925 ஜூலை 23 அன்று அவர் உயிர்விட்ட ஊர். தருமபுரி அரசு அருங்காட்சியகத்து நடுகற்களும் ஒரு மணி நேரத்துக்கு நிச்சயம் தாங்கும்.

பரிசல் மூங்கில் பிளாச்சைக் கூடைபோல் பின்னி, அடியில் பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும் போட்டது. அந்தக் காலத்தில் தோல். அடி தட்டை, முன் பின் கிடையாது. எடை ஒரு பக்கம் சேர்ந்தால் உடனே சாயும். அதனால் பரிசல்காரர் சொல்லும் இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எதிரெதிராகக் கனம் சமமாக இருக்க வேண்டும். நடு ஆற்றில் எழுந்து படம் எடுப்பவர்தான் மற்றவர்களையும் சேர்த்துக் கவிழ்ப்பார். சீட்டு அரசு கவுன்டரில் மட்டும் எடுங்கள். கட்டணமும், ஒரு பரிசலில் எத்தனை பேர் என்பதும் பலகையில் இருக்கும். பாதி வழியில் கூடுதல் பணம் கேட்பது உண்டு. வெளிநாட்டுக்காரர் என்றால் கேட்காமல் விடுவது அரிது. ஒவ்வொரு பரிசலிலும் தமிழ் பேசும் ஒருவர் ஏறினால் அந்தப் பேச்சே வராது. லைஃப் ஜாக்கெட்டின் எல்லா வாரையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காது வரை மேலே வந்தால் அது இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். நடுவில் பரிசலைப் பம்பரமாகச் சுற்றுவது அவர்கள் வழக்கம். தலை சுற்றுகிறவர்கள் ஏறும்போதே “சுத்த வேணாம்ணா” என்று சொல்லிவிடட்டும்.

குளிப்பது குளிக்கும் அருவியில் மட்டும், கம்பியைப் பிடித்தபடி. ஒகேனக்கல் பாறைகள் காய்ந்தபோது சொரசொரப்பு, நனைந்து பாசி பிடித்தால் எண்ணெய். மேலே அமைதியாக ஓடும் நீருக்குக் கீழே பாறைக் குடைவுகளும் சுழலும் இருக்கும், நல்ல நீச்சல்காரர்களைத்தான் அவை அதிகம் இழுக்கின்றன. சின்னாறு பக்கமோ, ஆள் இல்லாத மணல் திட்டு ஓரமோ “சும்மா கால் நனைக்க” இறங்கவிடாதீர்கள். பெண்கள் துப்பட்டாவோ டி-ஷர்ட்டோ போட்டுக் குளிப்பதுதான் இங்கே வழக்கம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் சங்கடம்.

மீன் சாப்பிட நினைப்பவர்கள் கடையில் பார்த்து வாங்கி, சமைத்துக் கொடுக்கும் அக்காக்களிடம் கொடுத்துவிட்டுப் பரிசலுக்குப் போகலாம்; திரும்பி வரும்போது குழம்பும் வறுவலும் தயாராக இருக்கும். செவுள் சிவப்பாக, கண் பளிச்சென்று இருக்கும் மீனை எடுங்கள், எண்ணெய், மசாலா, கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பரிசலில் போகும்போது காலையில் சோதித்த தண்ணீரை நினைவுபடுத்த இதைவிட நல்ல இடம் கிடையாது. அந்தத் தெருக்குழாய்க்கு ஏறும் தண்ணீர் இந்த ஆற்றிலிருந்துதான் போகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு ரூ.1,928 கோடியில் கட்டி 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. வெளிநாட்டு உதவி என்று பார்த்தால் இரண்டு மாவட்டத்துச் சமையலறையிலும் தினமும் நுழைகிற உதவி அது. வந்தவர்களில் எவராவது “இதோடு ஒப்பிட்டால் நாங்கள் என்ன செய்துவிட்டோம்” என்று சோர்ந்து கேட்பார்கள். குழாய் எட்டாத தெரு எது, எட்டியும் போர் தண்ணி குடிக்கிற வீடு எது என்று பாட்டில் பாட்டிலாகப் பிடித்து எழுதினார்களே, அதைச் சொல்லுங்கள்.

ஐந்தரைக்குள் வண்டி மேலே ஏற வேண்டும். பென்னாகரம் சாலையில் யானை கடக்கும், கோடையில் தண்ணீருக்கு இறங்கும்போது இன்னும் அதிகம். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, ஹார்ன் அடிக்காமல், இறங்காமல், லைட்டைத் தாழ்த்தி அது போகும்வரை இருக்க வேண்டும். செல்ஃபிக்குக் கதவைத் திறக்கிறவர் இருக்கிறார் என்பதால் கதவோரம் உள்ளூர் ஆளை உட்காரவையுங்கள்.

இரவு சாப்பாட்டுக்கு முன் மீதிக் கண்ணாடிகளைப் பவர் வாரியாக எண்ணி எழுதுங்கள். +2.00 தீர்ந்து +1.00 மிஞ்சியிருக்கும், அடுத்த முகாமுக்கு வாங்கும்போது இந்தக் கணக்குதான் வேண்டும். சார்ட்டை ஈரம் படாமல் சுருட்டி வையுங்கள். மறுநாள் குழு பெங்களூர் போன பிறகு, காலை எட்டரைக்கு நர்சம்மாவுக்கு போன்: “லிஸ்ட்ல மூணாவது ஆயாவுக்கு சர்க்கரை மாத்திரை இருக்குதான்னு பாத்துருங்கம்மா, வெள்ளிக்கிழமை வண்டி வருது.”